மறைந்த பழுதும் மௌனமும்

வாய் திறந்து பொய் சொல்லாதவனை மெய்யன் என்று கொள்ளலாமா? இவ்வினாவை ஒரு மோட்டார் வண்டியைக் கொண்டு ஆராய்வோம்.

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மும்பையின் சாந்தாகுரூஸ் பகுதியில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. எண்ணற்ற வண்டிகள் நீரில் மூழ்கின. இவ்வாறு மூழ்கியவற்றை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 'உள்ளது உள்ளபடி' என்னும் நிபந்தனையோடு ஏலத்தில் விற்பது வழக்கம். அத்தகைய வண்டியொன்றை நாம் மலிவாக எடுத்தோம் எனக் கொள்வோம். கழுவி மெருகிட்டதும் அது புதியது போல் ஒளிர்கின்றது. ஆயினும் விரிப்பின் அடியில் சேறு. நீர் கலந்து பால்நிறமான என்ஜின் எண்ணெய். மின்கம்பி இணைப்புகளில் பையப் பையப் பூக்கும் களிம்பு. முன்னிரண்டையும் பட்டறையில் தீர்க்கலாம். களிம்போ பல மாதங்கள் கழித்து, நடுவழியில் வண்டியை நிறுத்திவிடக்கூடும்.

இதனைப் பிறருக்கு விற்கும்போது, அவர் கேளாதவரை நாம் வாளாவிருக்கலாமா? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, வாங்குவோனே விழிப்பாயிருக்க வேண்டும் என்னும் நெறியைத் தழுவியது. "ஏலத்தில் எமக்கு மட்டும் யார் சொன்னார்?" என்றும் நம் மனம் வாதாடும். ஆனால் ஏலத்தார், பொறுப்பேற்கோம் என்பதை முன்னரே அறிவித்தனர்; அதற்கேற்ப விலையும் தாழ்ந்தது. நாமோ அறிந்ததை மறைத்து, அறியாதவரிடம் நல்ல வண்டியின் விலையைப் பெற எண்ணுகிறோம். அம்மௌனத்திற்கு நாம் கூலி பெறுவதால் அது பொய்யேயாகும்.

ஆதலின், நீரில் மூழ்கியதையும், செப்பனிட்டதையும், செப்பனிட இயலாததையும் சொல்லியே விற்போமாக. விலை குறையத்தான் செய்யும். நாளை அவ்வண்டியில் ஏறப்போகும் குழந்தைகளை எண்ணினால், அக்குறைவு நமக்குப் பெரிதாகத் தோன்றாது.