கேக்கின் உட்புறம்

பிளேட்டோவின் 'கோர்ஜியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் சமையலைக் கலை என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறார். அது பழக்கத்தால் கைவரும் சாமர்த்தியம். முகஸ்துதியின் ஒரு பிரிவு. மருத்துவம் உடலுக்கு எது நல்லது என்று அறிந்து செய்கிறது. சமையலோ நாக்குக்கு இதமானதைத் தேடிப் போகிறது. உணவில் நல்லது கெட்டது தெரிந்தவர் யார் என்று ஒரு மருத்துவனும் ஒரு சமையற்காரனும் குழந்தைகள் முன் வழக்காட நேர்ந்தால், மருத்துவன் பட்டினி கிடந்து சாகவேண்டியதுதான் என்கிறார். மேடைப் பேச்சைத் தாக்குவதற்காகக் கொண்டுவந்த ஒப்புமை இது. சமையற்காரனின் கட்சியை அங்கே யாரும் கேட்கவில்லை.

சாக்ரடீஸின் இந்த நீதிமன்றம் ஏறக்குறைய அப்படியே கூடுகிற இடம் ஒன்று உண்டு: குழந்தையின் பிறந்தநாள். நடுவர்கள் குழந்தைகள், வழக்குப் பொருள் மேஜைமேல் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது என் மனைவி செய்யும் மூன்றடுக்குக் கேக். அடுக்குகளுக்கிடையே அன்னாசியும் க்ரீமும். நட்சத்திரப் பிறந்தநாளுக்குக் கோயிலில் அர்ச்சனை, பாயசம். ஆங்கிலத் தேதிக்குக் கேக். ஏற்றிய சுடரை ஊதி அணைப்பதுபற்றி வீட்டில் வருடாவருடம் ஒரு முணுமுணுப்பு எழும். அது வேறு விஷயம்.

முகஸ்துதி என்பதைவிடக் கனமான குற்றச்சாட்டு ஒன்று அந்த உரையாடலில் இருக்கிறது. தான் கையாளும் பொருளின் இயல்பு என்ன, ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதற்குச் சமையலால் 'லோகோஸ்' தர முடியாது என்பது. அந்தக் கிரேக்கச் சொல்லுக்குச் சொல், காரணம், கணக்கு என்று பல அர்த்தங்கள். வங்கி குமாஸ்தாவான எனக்குக் கடைசி அர்த்தம்தான் முதலில் உறைக்கிறது. ஒருவர் பதிவதை இன்னொருவர் சரிபார்த்துச் சுருக்கொப்பம் இட்டால்தான் எங்கள் வேலை வேலையாகிறது.

கேக்குக்குக் கணக்கு இல்லையா? பச்சை அன்னாசியை அப்படியே க்ரீமோடு சேர்த்துச் சிறிது நேரம் வைத்தால் க்ரீம் கசக்கும். அன்னாசியிலுள்ள ப்ரோமிலைன் என்ற நொதி பாலின் புரதத்தை அறுத்துவிடுகிறது. சூடு அந்த நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. என் மனைவிக்கு அந்தப் பெயர் தெரியாது. ஆனால் பழத்தைச் சர்க்கரையோடு நன்றாகக் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறவைத்துத்தான் அடுக்குவாள். ஏன் என்று கேட்டால், "பச்சையா வச்சா க்ரீம் கசந்துபோகும், வெந்தா கசக்காது" என்று காரணமும் சொல்வாள். க்ரீம் அடிக்கும் பாத்திரத்தைப் பனிக்கட்டிமேல் வைப்பதற்கும் அவளிடம் காரணம் உண்டு: சூட்டில் கொழுப்பு இளகினால் க்ரீம் காற்றைப் பிடித்துக்கொள்ளாது. மிதமிஞ்சி அடித்தால் வெண்ணெய் திரண்டுவிடும். பெயர் தெரியாத இந்த அறிவை வெறும் பழக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. பெயரை மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்களை இலக்கிய விமர்சனத்தில் நிறையப் பார்த்தாகிவிட்டது.

முகஸ்துதியைத் தேடுவதென்றால் வேறிடத்தில் தேடலாம். அமெரிக்காவில் கேக் மாவுக் கலவைகளைப்பற்றி ஒரு கதை உண்டு. தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்றபோது பெண்களுக்குக் குற்றவுணர்வு. 1950களில் எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியல்காரர் முட்டையை அவர்களே உடைத்து ஊற்றட்டும் என்று யோசனை சொல்ல, விற்பனை ஏறியது என்பார்கள். கதை அழகாக இருப்பதே சந்தேகத்துக்கு இடம். பிட்ஸ்பர்க்கின் டஃப் நிறுவனம் 1935லேயே, இல்லத்தரசிகள் புது முட்டையை விரும்புகிறார்கள் என்று காரணம் காட்டி, முட்டையை வீட்டில் சேர்க்கும் கலவைக்குக் காப்புரிமை பெற்றிருந்தது. உலர்ந்த முட்டைத்தூளைவிடப் புது முட்டையில் கேக் நன்றாக வருகிறது என்ற ஸ்தூலமான உண்மையும் இருக்கிறது. ஆயினும் கதை இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், நம்மைப்பற்றி அது ஏதோ சொல்லிவிடுகிறது. 'நானே செய்தேன்' என்ற நினைப்பை ஒரு முட்டை விலைக்கு வாங்கலாம் என்கிறது. இங்கே இச்சகம் பேசப்படுவது சாப்பிடுகிறவரிடமல்ல, செய்கிறவரிடம்.

'வீட்டில் செய்தது' என்ற அறிவிப்பில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம். குழந்தைகள் அதைக் கேட்பதே இல்லை. கடைக் கேக்கையும் அதே ஆர்வத்தோடு தின்கிறார்கள். அறிவிப்பு பெரியவர்களுக்காக, கேட்டவர் உடனே பாராட்டக் கடமைப்பட்டுவிடுகிறார். அந்தக் காலத்துப் பாட்டிகள் அதிரசம் சுட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்களே என்று சிலர் உருகுவார்கள். பேசினால் கேட்பதற்கு அங்கே யார் இருந்தார்கள்?

உழைப்பு, அன்பு என்பவற்றை விட்டுவிட்டால் வீட்டுக் கேக்கில் என்ன மிஞ்சுகிறது? இந்தக் கேக் மூடப்பட்ட பொருள். சாய்ந்துபோன அடுக்கையும் உதிர்ந்த துகளையும் க்ரீம் மறைத்துவிடுகிறது. கடைக் கேக்கின் உச்சியில் செர்ரி என்று உட்காருவது பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிச் சிவப்புச் சாயமேறிய களாக்காய். இதெல்லாம் சிறு பொய்கள். கண்ணுக்குத் தெரியாதது முட்டை. வெட்டிப் பார்த்தாலும் தெரியாது. முட்டை தொடாத ஒருவர் செய்தவரின் சொல்லை நம்பித்தான் வாயில் வைக்கவேண்டும். கடைப் பெட்டியில் பச்சைப் புள்ளி இருக்கிறது. சட்டம் முட்டையையும் அசைவக் கணக்கில்தான் சேர்க்கிறது. புள்ளி பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் புள்ளியிடம் திருப்பிக் கேட்க முடியாது. அதற்குச் சங்கடமும் கிடையாது. பொய் சொன்னால் மறுநாள் காலை அது யார் முகத்திலும் விழிக்கவேண்டியதில்லை.

என் அம்மா முட்டை தொடமாட்டாள். சென்ற பிறந்தநாளன்று கேக்கை வெட்டியதும், "இதுல முட்டை போட்டிருக்கியா?" என்று கேட்டாள். நாலு பேர் நடுவில், சும்மா "இல்லை" என்று சொல்லிவிட்டால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும்.

"இதுல போட்டிருக்கேன், அத்தை. உங்களுக்குத் தனியா தயிரும் சோடா உப்பும் சேர்த்துப் பண்ணியிருக்கேன். க்ரீம் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா கரண்டி வேற."

அம்மா கரண்டியைப்பற்றி இன்னொரு கேள்வி கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. பிறகு தட்டை வாங்கிக்கொண்டாள்.