பொச்சாப்பும் பக்தியும்

சினத்தைக் கண்டு அஞ்சுவோர் பலர். மகிழ்ச்சியைக் கண்டு அஞ்சுவோர் அரியர். வள்ளுவர் அஞ்சினார். பொச்சாவாமை என ஓர் அதிகாரமே வகுத்து, உவகை மிகுதியில் தோன்றும் மறதியை அளவிறந்த சினத்தினும் தீயதாகக் கொண்டார். அதனை அவர் பொருட்பாலில் வைத்தாராயினும், சமய வாழ்வுக்கும் அது பொருந்துமென்பதற்குக் கிறித்துவ உலகின் வரலாறு சான்று பகர்கிறது.

விவிலியத்தின் இறுதி நூலில் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட மடல்கள் உள்ளன. அவற்றுள் கடுமை மிக்கது லவோதிக்கேயா சபைக்கு உரியது. அவ்வூரின் இடிபாடுகள் இன்றைய துருக்கியில் தெனிஸ்லி நகருக்கு அருகே கிடக்கின்றன. கி.பி. 60-இல் நிலநடுக்கத்தால் சிதைந்த அந்நகர், உரோமையின் உதவியை நாடாது தன் செல்வத்தைக் கொண்டே மீண்டெழுந்தது என்பது வரலாறு. அத்தகைய ஊரினர் தமக்குக் குறையொன்றும் இல்லை என்று எண்ணியதில் வியப்பென்ன? அச்சபையின்மீது சாட்டப்பட்ட குற்றம் கொலையன்று, களவுமன்று, வெதுவெதுப்பு.

இக்குற்றத்தை நம் காலத்தை ஒட்டி ஆராய்ந்தவர் ஜெர்மானிய இறையியலார் டீட்ரிக் போன்ஹோஃபர். 1937-இல் சீடத்துவம் பற்றி அவர் வெளியிட்ட நூலில் 'மலிவான அருள்' என்றொரு தொடரை ஆண்டார். மன்னிப்பு உண்டு, ஆனால் மனமாற்றம் வேண்டுவதில்லை என்னும் நிலையே அது. இறைவனின் அருள் இலவசம் என்பதை மார்ட்டின் லூத்தர் நெடும் போராட்டத்தின் முடிவில் கண்டார். பின்வந்தோர் அம்முடிவை மட்டும் பெற்றுக்கொண்டு போராட்டத்தை விட்டுவிட்டனர் என்பது அவர் வாதம். தந்தை தேடிய செல்வத்தில் மகன் சோம்பிக் கிடப்பதை நாம் அறியோமா? ஈண்டுச் செல்வம் பொய்யன்று. அதுவே இந்நோயின் கொடுமை. உண்மையான நம்பிக்கையே தலையணையாகிவிடுகிறது.

விளைவு யாதாயிற்று? 1933 ஜூலையில் நடந்த திருச்சபைத் தேர்தலில் நாசிச் சார்புடைய 'ஜெர்மானியக் கிறித்தவர்' அணி பெருவெற்றி கண்டது. செப்டம்பரில் பிரஷ்யத் திருச்சபை மன்றம், யூத வழிவந்தோர் குருப்பணியில் இருத்தலாகாது என விதித்தது. ஆலயங்கள் மூடப்படவில்லை, பாடல்கள் ஓயவில்லை, திருவிருந்தும் தடைபடவில்லை.

தீயோரை மட்டும் சுட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் அவர்களை எதிர்த்தோர் 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடி வெளியிட்ட துணிவுமிக்க அறிக்கையிலும் யூதரைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதனை வரைந்தோருள் முதன்மையானவராகிய கார்ல் பார்த், அது தம் குற்றமே என்று 1967-இல் ஒப்புக்கொண்டார். விழித்திருந்தோரும் ஓரிடத்தில் உறங்கினர்.

அங்ஙனமாயின் தன்னாய்வு போதாதோ? போதாது என்றே தோன்றுகிறது. ஆலயத்தில் தன்னைப் பாராட்டிக்கொண்ட பரிசேயன் கதையைப் படிப்பவன், தான் அப்பரிசேயன் அல்லன் என மகிழ்வானாயின் அக்கணமே அவன் பரிசேயன். இக்காலத்திலோ கைப்பேசியிலேயே நாள்தோறும் மறையுரை கேட்கலாம். கேட்டு உருகிய மனம் செய்து முடித்ததாகவே நிறைவடைகிறது. கண் தன்னைத் தானே காண்பதில்லை. பிறிதொரு கண் வேண்டும்.

போன்ஹோஃபர் இதனை உணர்ந்திருந்தார். ஃபிங்கன்வால்டே என்னுமிடத்தில் 1935 முதல் குருமாணவரைப் பயிற்றியபோது, ஒருவர் தம் பாவத்தை உடன்பிறந்தோன் ஒருவனிடம் வாய்விட்டு உரைக்கும் வழக்கத்தை ஊக்கினார். தனிமையில் இறைவனிடம் மட்டும் உரைப்பவர், தமக்குத் தாமே உரைத்துத் தாமே மன்னித்துக்கொள்ளல் கூடும் என்பது அவர் ஐயம். மாணவர் சிலருக்கு இம்முறை தொடக்கத்தில் உவப்பாயில்லை. 1937-இல் காவல்துறை அப்பயிற்சிக்கூடத்தை மூடியது.

1939 ஜூனில் அவர் நியூயார்க் சேர்ந்தார். பாதுகாப்பும் பணியும் நண்பரும் அங்கு இருந்தனர், குறையொன்றும் இல்லை. ஆயினும் தம் மக்களின் துன்பத்தில் பங்குகொள்ளாதவனுக்குப் போருக்குப்பின் அவர்தம் சமய வாழ்வைச் சீரமைக்க உரிமையில்லை என்று எண்ணினார். ஜூலையில் கப்பலேறித் தாயகம் திரும்பினார். செப்டம்பரில் போர் மூண்டது.