வரைவோர் வாய்மை

பொய் என்பது சொல்லில் மட்டுமே நிகழ்வது என நாம் பொதுவாகக் கருதிவிடுகிறோம். கோட்டிலும் பொய் உண்டு. இதழ்களில் வரும் புள்ளிவிவர விளக்கப் படங்களை ஊன்றி நோக்குவோர் இதனை உணர்வர்.

நெல் விளைச்சல் இரு மடங்காயிற்று என்று வைத்துக்கொள்வோம். ஓவியர் முன்னதற்கு ஒரு சிறு மூட்டையும், பின்னதற்கு இரு மடங்கு உயரமுள்ள மூட்டையும் வரைகிறார். உயரத்தோடு அகலமும் இரட்டிப்பதால் தாளில் அது கொள்ளும் இடம் நான்கு மடங்காகிறது. பருமனையும் எண்ணும் கண்ணுக்கு எட்டு மடங்காகவும் தோன்றலாம். அருகில் அச்சிட்ட எண்ணோ முற்றிலும் சரி! தூண் படத்தைச் சுழியில் தொடங்காது 90இல் தொடங்கினால், 96 என்பது 92ஐப் போல் மும்மடங்காய் நிற்கும். இங்குப் பொய்யுரைத்தவர் யார்?

இப்படங்களை வரைவோருள் பலர் மாதச் சம்பளம் பெறாதவர். படத்துக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோர். எண் தருபவர் ஒருவர், தலைப்பிடுபவர் ஒருவர், மாலைக்குள் வேண்டும் என்பவர் வேறொருவர். "கொடுத்ததை வரைந்தேன், பொறுப்பு என்னுடையதன்று" என அவர் கூறலாம். கோப்புகளோடு வாழும் மத்திய அரசு எழுத்தர்களாகிய நமக்கு இவ்வாதம் புதிதன்று. மறுத்தால் அடுத்த பணி வாராது என்னும் அவரது அச்சத்தை இகழவும் நமக்கு உரிமையில்லை. மாதந்தோறும் தவறாது சம்பளம் வரும் நாற்காலியில் அமர்ந்து அறம் பேசுதல் எளிதன்றோ!

ஆயினும் அவ்வாதத்தை நாம் முழுதும் ஏற்பதற்கில்லை. எண்ணை ஐயுறுவோரும் படத்தை ஐயுறுவதில்லை. 1925இல் வியன்னா நகரில் சமூக பொருளாதார அருங்காட்சியகத்தை நிறுவிய ஓட்டோ நொய்ராத் இதனை நன்கறிந்தவர். மிகுதியைக் காட்ட உருவத்தைப் பெரிதாக்கலாகாது. ஒரே அளவுள்ள உருவங்களைக் கூடுதலாக அடுக்கவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்னும் ஓவியர் உருவங்களைச் செதுக்கித் தந்தார். ஆனால் நம் கருத்தைக் கவர்வது, பின்னாளில் நொய்ராத்தை மணந்த மரீ அம்மையாரின் பணியே. அறிஞர் தரும் எண்களை ஆராய்ந்து, எதனை எவ்வாறு காட்டுவது எனத் தீர்மானித்து ஓவியரிடம் சேர்ப்பவர் அவர். பார்க்கப்போகும் பொதுமக்களின் சார்பில் அவ்விடத்தில் ஒருவர் இருந்தார் என்பதே செய்தி. தனித்துக் கூலிக்கு வரைபவர்க்கு அத்தகைய துணை இல்லை. அப்பணியையும் அவரே தம் நெஞ்சினுள் செய்தாகவேண்டும்.

நோக்கம் நல்லதாயின் சற்று மிகைப்படுத்தலாமே என்பாரும் உளர். கிரிமியப் போரில் காயத்தினும் தடுக்கக்கூடிய நோய்களாலேயே வீரர் மிகுதியாக மாண்டனர் எனக் காட்ட, 1858இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் வட்டப்படம் ஒன்றை வெளியிட்டார். ஆட்சியாளரின் நெஞ்சை உலுக்கவே அதனை அமைத்தார். எனினும் ஒவ்வொரு கூறின் பரப்பும் சாவு விகிதத்துக்கு ஏற்பவே அமைந்திருந்தது.

தில்லியில் நம்மவர் இல்லங்களில், ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள முதியோர் உளர். இந்தியும் அறியார், ஆங்கிலமும் அறியார். காலையில் வரும் நாளிதழில் அவர்கள் படிப்பது படங்களையே. "இவ்வளவா கூடிப்போச்சு?" என்று பாட்டி கேட்பார். பேரன் எண்ணைப் பார்த்து, இல்லை எனத் திருத்தலாம். அவன் பள்ளிக்குப் போய்விட்ட நாளில் பாட்டியிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றே.