உவமையும் கலமும்

கூட்டமொன்றில் பேசிய ஒருவர், தமக்கு ஆகாத ஒரு சாராரைச் "சமூகத்தின் புற்றுநோய், வெட்டியெறிய வேண்டும்" என்றார். சபை கைதட்டியது. என் கைகளும் இரண்டு தரம் தட்டின. வீடு திரும்பிய பிறகுதான், அந்த உவமை மருத்துவத்திலாவது சரியா என்ற கேள்வி என்னைக் குடையத் தொடங்கியது.

குருதிப் புற்றுநோயில் ஒரு வகை உண்டு. 15ஆம், 17ஆம் நிறமூர்த்தங்கள் முறிந்து துண்டுகளை மாற்றிக்கொள்வதால் ஒரு பிறழ்வான புரதம் உண்டாகிறது. அது வெண்குருதிக் கலங்களை முதிரவிடாமல் இளம் பருவத்திலேயே தடுத்து நிறுத்துகிறது. முதிராத கலங்கள் என்பு மச்சையை அடைத்துக்கொள்ள, குருதி உறைவது குலைந்து, நோயாளி சில நாட்களிலேயே இறந்துபோகக்கூடும். அக்கலங்களை நஞ்சூட்டிக் கொல்வதே நெடுங்காலம் வைத்தியர்கள் அறிந்திருந்த வழி.

1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள், குருதிப் புற்றுநோய் கண்ட 36 வயதுப் பெண்ணொருவரின் கலங்களை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுத்தார்கள். விற்றமின் ஏயின் உறவுப் பொருளான ரெற்றினோயிக் அமிலத்தை 1980இல் அவற்றுக்கு இட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவை சில நாட்களில் முதிர்ந்தன. உருண்டிருந்த கரு மடிந்து பிரிந்தது. பெருகுவது நின்றது. அதன் பின் சாதாரணக் கலங்களைப் போலத் தம் ஆயுளை முடித்துக்கொண்டன. நான் மேலே சொன்ன நோயுள்ளவர்களின் குருதிக் கலங்களும் கண்ணாடிப் பாத்திரத்தில் அவ்வாறே மாறின. ஷாங்ஹாயில் வாங் ஷென்யி குழுவினர் இம்மருந்தை 24 நோயாளிகளுக்குக் கொடுத்து, 1988இல் முடிவை வெளியிட்டார்கள். 23 பேருக்கு இது ஒன்றே போதுமாயிருந்தது, நோய் தணிந்தது.

பேச்சாளருக்குப் பதில் கிடைத்துவிட்டதென்று மகிழ்ந்தேன். அவசரப்பட்டுவிட்டேன். இம்மருந்தைத் தனியே கொடுத்தால் நோய் பெரும்பாலும் திரும்பி வருகிறது. பின்னர் ஆசனிக்கைச் சேர்த்தார்கள். பாஷாணம்தான், ஆனாலும் அளவோடு கொடுத்தால் அந்தப் பிறழ்ந்த புரதத்தையே அது சிதைத்துவிடுகிறது. இவ்விரண்டும் பழைய நச்சு மருந்துச் சிகிச்சைக்குக் குறைந்தவையல்ல என்று 2013இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. முதிரும் கலங்கள் நுரையீரலைத் தாக்கி உயிருக்கே உலை வைப்பதுமுண்டு. ஏனைய புற்றுநோய்கள் பலவற்றில் வெட்டவும் கொல்லவும்தான் வேண்டியிருக்கிறது.

என்னை உறுத்துவது இதுவல்ல. "வெட்டாதீர்கள், திருத்துங்கள்" என்று நான் பதில் சொல்லியிருந்தால், அவர்களை நோய் என்று நானும் ஒப்புக்கொண்டவனாகியிருப்பேன். கலத்துக்கு மனச்சாட்சி இல்லை, மறுத்துப் பேச வாயில்லை. மனிதரை அந்தப் பாத்திரத்தில் இட்டு, மருந்தைக் கையில் பிடித்து நிற்க எனக்கு உரிமை தந்தது யார்?

அன்று எனக்கு இரண்டு ஆசனம் தள்ளி, அவர் குறிப்பிட்ட சாராரில் ஒருவர் அமர்ந்திருந்தார். எனக்கு முகப்பழக்கம் உள்ளவர்தான். கைதட்டல் ஓயும்வரை மடியிலிருந்த அழைப்பிதழையே பார்த்துக்கொண்டிருந்தார்.