தடியால் அடித்துப் பழுக்குமா?

அமெரிக்க பேஸ்பாலில் ஓர் இளம் ஆட்டக்காரரை மேஜர் லீகுக்கு எப்போது ஏற்றுவது என்பது ரசிகர்கள் ஆண்டுதோறும் சளைக்காமல் மோதிக்கொள்ளும் விஷயம். இளையவர்களை எப்போது களமிறக்குவது என்ற பேச்சு எல்லா விளையாட்டிலும் உண்டு. பேஸ்பாலில் மட்டும் அந்தப் பேச்சுக்கென்றே ஒரு படிக்கட்டு கட்டிவைத்திருக்கிறார்கள். 30 மேஜர் லீக் அணிகள் ஒவ்வொன்றுக்கும் கீழே சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என நான்கு படிகளில் நான்கு மைனர் லீக் கிளை அணிகள். 2021இல் நடந்த சீரமைப்புக்குப் பிறகு மொத்தம் 120. அடிப்படியில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்த பையன்கள். மேல்படியில் ஒரே ஒரு அழைப்புக்காகக் காத்துக் கிடப்பவர்கள். பெரும்பாலானோருக்கு அந்த அழைப்பு வருவதே இல்லை.

டபுள்-ஏயில் ஒருவன் இரண்டு மாதம் வெளுத்து வாங்கினால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். அங்கே அவன் கற்க இனி ஒன்றுமில்லை, மேலே கொண்டுவாருங்கள் என்பது ஒரு கட்சி. பிஞ்சைப் பறிக்காதீர்கள், இன்னும் ஒரு வருஷம் கிடக்கட்டும் என்பது மற்றது. மோதும் இருவருக்கும் ஒரு விஷயத்தில் மட்டும் சண்டையே இல்லை. பக்குவம் என்ற ஒன்று அந்தப் பையனுக்குள் இந்த நிமிஷம் இருக்கிறது, அல்லது இல்லை. பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அது புலப்படும். இதை இருவரும் யோசிக்காமலே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். தத்துவச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சைவ சித்தாந்தமும் பக்குவத்தைப் பற்றி நிறையப் பேசுகிறது. மலங்கள் பழுத்துக் கழலும் மலபரிபாகம் வந்த உயிருக்குத்தான் அருள் இறங்கும் சத்திநிபாதம். அந்த நேரம் பார்த்துக் குரு வருவார். அங்கே பக்குவத்தை அறிபவர் தவறுவதில்லை, ஏனென்றால் குருவாக வருவது இறைவனே. பேஸ்பாலில் அந்த வசதி கிடையாது. இருப்பதெல்லாம் 20 முதல் 80 வரையிலான ஓர் அளவுகோலில் மதிப்பெண் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் திறமை தேடுபவர்களும், பதவி பறிபோகாமல் இருக்க வேண்டுமே என்ற கவலையில் உள்ள மேலாளர்களும்தான்.

ஆற்றல் என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருப்பதை அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றிய தம் நூலில் பிரித்துக் காட்டினார். இலக்கணம் கற்காத சிறுவனையும் ஒரு விதத்தில் இலக்கணம் அறியக்கூடியவன் எனலாம், மனிதனாகப் பிறந்தவனுக்கு அதைக் கற்க முடியும் என்பதால். இலக்கணம் கற்றுவிட்டு இப்போது தூங்கிக்கொண்டிருப்பவனையும் அப்படிச் சொல்லலாம். முன்னவனிடம் இருப்பது வெறும் சாத்தியம். பின்னவனிடம் இருப்பது கைவசமான திறன், எழுந்தால் போதும். ரசிகர்களின் ஒரு கட்சி அந்த டபுள்-ஏ பையனைத் தூங்குபவனாகப் பார்க்கிறது, எழுப்பினால் சரி என்கிறது. மற்றது அவனைக் கற்காத சிறுவனாகப் பார்க்கிறது. அவன் இரண்டுக்கும் இடையில் நிற்கிறான் என்பதுதான் தொல்லை.

இந்த இடைநிலையைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பந்தெறியும் பிட்ச்சர் நிற்பது 60 அடி 6 அங்குலத் தொலைவில். மணிக்கு 95 மைல் வேகத்தில் அவர் எறியும் பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் பேட்டரிடம் வந்துவிடும். நடுவில் வருவதுபோல் வந்து கடைசி நொடியில் விலகி விழும் ஸ்லைடர் பந்தைக் கீழ்ப்படிகளில் பலருக்கு எறியத் தெரியும். நினைத்த இடத்தில் நினைத்தபோதெல்லாம் விழவைக்கத்தான் தெரியாது. அதனால் அங்கே ஆடும் பையன் பந்தெறிபவர் தவறுசெய்யும் வரை காத்திருந்து அடிக்கக் கற்றுக்கொள்கிறான். கணக்கில் அது பிரமாதமாகத் தெரியும். மேலே அந்தத் தவறுகள் அபூர்வம். ஒரு சில வாரங்களில் எதிரணிகள் படம்போட்டுப் பார்த்து அவனுடைய ஓட்டையைக் கண்டுபிடித்துவிடும். பிறகு வருகிற பந்தெல்லாம் அதே ஓட்டையைத் தேடித்தான் வரும். குட்டு வெளிப்பட்ட பின் தன்னைத் திருத்திக்கொள்வதுதான் மேஜர் லீகில் நிலைக்கத் தேவையான திறமை. அதைக் கீழே முழுதாகச் சோதிக்க வழியில்லை. இரண்டு மாத வெளுப்பு, கேட்கப்படாத கேள்விக்கு எழுதிய விடை.

1951ஆம் ஆண்டு நியூயார்க்கில் இந்தச் சோதனை இரட்டையாக நடந்தது. மினியாபோலிஸ் அணிக்காக 35 ஆட்டங்களில் .477 அடித்தல் சராசரி (வாய்ப்புகளுக்கு எத்தனை அடி என்ற விகிதம்) வைத்திருந்த வில்லி மேஸை மே மாதம் ஜயன்ட்ஸ் மேலே அழைத்தது. வயது 20. முதல் 12 வாய்ப்புகளில் ஒரு அடிகூட விழவில்லை. பதின்மூன்றாவதில் வாரன் ஸ்பானின் பந்தில் ஒரு ஹோம் ரன், எல்லை தாண்டிய அடி. பிறகு மறுபடி வறட்சி. 26 வாய்ப்புகளுக்கு ஒரே ஒரு அடி என்ற நிலையில், ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதார். தாம் மேலாளராக இருக்கும்வரை மேஸ்தான் நடுக்களத்தில் நிற்பார் என்று லியோ டுரோச்சர் சொல்லிவிட்டார். மேஸ் அங்கேயே இருந்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதும் அவருக்கே கிடைத்தது.

அதே ஊரின் யாங்கீஸ் அணியில் 19 வயது மிக்கி மேன்டில் தடுமாறினார். அவரை ஜூலையில் கன்சாஸ் சிட்டிக்குக் கீழிறக்கினார்கள். அங்கேயும் முதலில் ஒன்றும் சரிவரவில்லை. தனக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது என்று தந்தையிடம் புலம்பினார். ஓக்லஹோமாவில் சுரங்கத் தொழிலாளியாக இருந்த தந்தை விடுதிக்கு வந்து சேர்ந்தார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்த மகனுக்கு முன்னால், அவனுடைய துணிமணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். ஆட முடியாவிட்டால் சுரங்கத்துக்கு வா என்பது அதன் பொருள். மகன் போகவில்லை. ஆகஸ்டில் யாங்கீஸ் திரும்ப அழைத்துக்கொண்டது.

ஒருவரை மேலேயே பிடித்துவைத்தார்கள், இன்னொருவரைக் கீழே தள்ளினார்கள். இருவரும் ஆட்டத்தின் சிகரங்களானார்கள். வேகம் முக்கியமல்ல, விழுந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருந்தார் என்பதே முக்கியம் என்று சொல்லத் தோன்றும். அதுவும் கதை முடிந்த பிறகு கையில் கிடைக்கும் ஞானம்தான். அதே அன்பும் அதே கண்டிப்பும் கிடைத்தும் காணாமல்போனவர்களின் விடுதி அறைகளுக்குள் யாரும் எட்டிப்பார்த்து எழுதவில்லை.

பக்குவம் முன்பே இருந்து வெளிப்படுவதல்ல, செய்யச்செய்ய உண்டாவது என்ற எண்ணத்துக்கும் அரிஸ்டாட்டிலிடம் இடம் உண்டு. வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாராகிறான், யாழ் மீட்டி மீட்டியே யாழ்க்கலைஞனாகிறான் என்று ஒழுக்கவியல் நூலில் அவர் வாதிடுகிறார். உடனே ஏற்றுங்கள் என்பவர்களுக்கு இது இனிக்கும். ஆனால் அதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொன்றைப் பலர் தாண்டிப்போய்விடுகிறார்கள்: மீட்டுவதால் நல்ல கலைஞர்கள் உருவாவது போலவே மோசமான கலைஞர்களும் உருவாகிறார்கள். சக்திக்கு மீறிய பந்துகளை எதிர்கொள்பவனுக்குப் பயத்தில் முன்கூட்டியே மட்டையை வீசும் பழக்கம் ஊறிப்போகலாம். பயிற்சி எதையும் ஆழப்படுத்தும், பிழை உட்பட.

இந்த இரண்டு வாதங்களையும் ஒரு சட்டம் தற்செயலாகச் சோதித்தது. 1953 முதல் 1957 வரை, 4,000 டாலருக்கு மேல் ஒப்பந்தப் பணம் பெற்ற புதியவரை இரண்டு ஆண்டு மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. பணக்கார அணிகள் இளைஞர்களை மொத்தமாக வாங்கிக் குவிப்பதைத் தடுக்கவே இது வந்தது. யாருடைய வளர்ச்சியையும் நினைத்து அல்ல. 14,000 டாலருக்கு புரூக்ளின் டாட்ஜர்ஸில் சேர்ந்த சாண்டி கூஃபாக்ஸ் இதனால் ஒருநாள்கூட மைனர் லீகில் எறியாமல் நேரே மேலே போனார். எறிந்ததைவிட உட்கார்ந்திருந்ததே அதிகம். முதல் ஆறு பருவங்களின் கணக்கு 36 வெற்றி, 40 தோல்வி. 1961இல் திடீரென்று எல்லாம் கூடிவந்தது. 1966 வரை அவர் எறிந்ததற்கு ஈடு சொல்ல ஆளில்லை. கீழே அனுப்பியிருந்தால் 1958லேயே கூடிவந்திருக்குமா? மேலே உட்கார்ந்து பார்த்த அந்த வருஷங்கள்தான் அவரை உருவாக்கினவா? இரண்டு கூஃபாக்ஸ்கள் இருந்தால் ஒப்பிட்டிருக்கலாம்.

மறுமுனையில் டேவிட் கிளைட். அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 1973இன் முதல் தேர்வாக டெக்சஸ் ரேஞ்சர்ஸ் எடுத்த ஹூஸ்டன் பையன், வயது 18. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஜூன் 27 அன்று மேஜர் லீகில் எறிந்தார். வாஷிங்டனிலிருந்து முந்தைய ஆண்டு குடிபெயர்ந்து, காலி இருக்கைகளுக்கு முன் ஆடிவந்த அணி அது. அன்று 35,698 பேர் வந்தார்கள்; வண்டி நெரிசலால் ஆட்டமே தாமதமானது. முதல் இரண்டு பேட்டர்களுக்கும் குறி தவறி முதல் தளத்துக்கு இலவச நடை கொடுத்தார் கிளைட். அடுத்த மூவரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ஐந்து இன்னிங்ஸில் ஒரே ஒரு அடி, ஏழு இலவச நடை, எட்டு ஸ்ட்ரைக் அவுட், வெற்றி. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு மைனர் லீகுக்குப் போவார் என்பதே ஏற்பாடு. கூட்டத்தைப் பார்த்த பிறகு ஏற்பாடு மறந்துபோனது. தோள்வலியும் சேர்ந்துகொள்ள, 18 வெற்றி, 33 தோல்வியோடு 1979இல் அவருடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது.

இங்கே பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976இல் எழுப்பிய விவாதம் பொருந்துகிறது. குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் வரையப் போகும் ஒருவரை அவர் எடுத்துக்கொண்டார். பால் கோகனின் வாழ்க்கையைத் தழுவிய கற்பனை உருவம். போனது சரியா என்பதை, ஓவியத்தில் வென்றாரா என்பதுதான் பின்னால் தீர்மானிக்கும். போகும் நேரத்தில் அந்த நியாயம் அவர் கையில் இல்லை. கிளைட் 200 ஆட்டம் வென்றிருந்தால் ரேஞ்சர்ஸ் உரிமையாளரைத் துணிச்சல்காரர் என்று கொண்டாடியிருப்பார்கள். இன்று அவசரத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள்.

ஆயினும் விளைவுக்காகக் காத்திராமல் தீர்ப்புச் சொல்லக்கூடிய ஒன்று உண்டு: முடிவெடுத்த காரணம். மனிதரை வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்ற ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட்டின் விதியை வைத்துப் பார்த்தால், நுழைவுச்சீட்டு விற்பதற்காக ஒரு 18 வயதுப் பையனை மேலே வைத்திருந்தது அன்றிரவே தவறு, அவன் ஜெயித்திருந்தாலும் தோற்றிருந்தாலும்.

இதே விதி பொறுமைக் கட்சியையும் சுடும். சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் 2014இல் மைனர் லீகில் 43 ஹோம் ரன் அடித்தார். 2015 வசந்தப் பயிற்சி ஆட்டங்களில் இன்னும் ஒன்பது. ஆனாலும் தற்காப்பு ஆட்டம் இன்னும் தேற வேண்டும் என்று சொல்லி அவரை அயோவாவுக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 17 அன்று அழைத்துக்கொண்டார்கள். ஒரு பருவத்தில் 172 நாள் அணியில் இருந்தால் அது ஒரு முழு ஆண்டுச் சேவை. அத்தகைய ஆறு ஆண்டுகள் முடிந்தால்தான் ஆட்டக்காரர் விருப்பப்பட்ட அணிக்குப் போகலாம். பிரையன்ட் அந்தப் பருவத்தில் சேர்த்தது 171 நாள். சிறந்த புதுமுகம் விருதை வாங்கியும், அவருடைய விடுதலை ஓராண்டு தள்ளிப்போனது. அவர் தொடுத்த முறையீட்டை 2020இல் நடுவர் நிராகரித்தார். விதிப்படி அது சரியாக இருக்கலாம். ஒரே ஒரு நாள் குறைவில் கச்சிதமாக வந்து முடிந்த அந்தப் பக்குவத்தைப் பார்த்து ரசிகர்கள் சிரித்ததில் குற்றமில்லை.

ஏற்றுவது எப்போது என்ற கேள்விக்குப் பின்னால் யாருடைய இழப்பை யார் சுமப்பது என்ற கேள்வி இருப்பது இந்த இரண்டு வழக்கிலும் தெரிகிறது. அவசரப்பட்டால் இழப்பது பையன். தாமதித்தாலும் பணத்தில் இழப்பது பையன். அணிக்கு இரண்டிலும் வரவு உண்டு. ரசிகருக்குப் போவது ஒரு மாலைப்பொழுது. பையனையே கேட்டு முடிவுசெய்யலாமே என்றால், மேலே போக விருப்பமா என்று கேட்டு இல்லை என்று சொன்ன ஆட்டக்காரரைக் காண்பது அரிது. ஓர் அனுபவம் தன்னை எப்படி மாற்றும் என்பதை அதற்குள் போகும் முன் ஒருவர் அறிய முடியாது என்று அமெரிக்கத் தத்துவவாதி எல்.ஏ. பால் 2014இல் வெளியான நூலில் வாதிடுகிறார். அப்படிப் பார்த்தால் பையனின் சம்மதமும் பாதி இருட்டில் போட்ட கையெழுத்துதான்.

2022இல் உரிமையாளர்களும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம் பணப் பக்கத்தை ஓரளவு சரிசெய்தது. சிறந்த புதுமுகம் வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு, தாமதமாக அழைக்கப்பட்டிருந்தாலும், முழு ஆண்டுச் சேவை கிடைக்கும். பெயர்பெற்ற இளைஞரைப் பருவத் தொடக்கத்திலிருந்தே அணியில் வைத்து, அவர் விருதும் வென்றால், அணிக்குக் கூடுதல் தேர்வு வாய்ப்பு உண்டு. இதனால் நாள் எண்ணும் தந்திரத்தின் லாபம் குறைந்தது.

பக்குவம் பற்றிய கேள்வி மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2022இன் முதல் தேர்வான ஜாக்சன் ஹாலிடேயை பால்டிமோர் 2024 ஏப்ரல் 10 அன்று மேலே கொண்டுவந்தது. 34 வாய்ப்புகளில் இரண்டே அடி. 18 முறை ஸ்ட்ரைக் அவுட். ஏப்ரல் 26 அன்று நார்ஃபோக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 31 அன்று மறுபடி வந்த அவர், மூன்று தளங்களிலும் ஆள் நிற்க அடித்த ஹோம் ரன், மைதானத்தைத் தாண்டி வெளியிலுள்ள யூட்டா தெரு நடைபாதையில் போய் விழுந்தது. கீழே அனுப்பியது பலித்தது என்று சொல்ல அந்த ஒரு பந்து போதும். ஏப்ரலில் பட்ட அடிதான் பாடம் சொன்னது என்று சொல்லவும் அதே பந்து போதும். அந்தப் பருவத்தை அவர் .189 சராசரியோடு முடித்தார். அப்போது அவருக்கு வயது 20.