தாத்தாவுக்குக் காது கேட்கவில்லையா?



செவிடும் ஊமையுமான ஒருவனை நமது ஆண்டவர் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப்போய், அவன் காதுகளில் தமது விரல்களை இட்டுக் குணமாக்கினதை அர்ச். மாற்கு 7-ம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் காதுக்குள் சர்வேசுரன் அமைத்திருப்பதைச் சற்றே பார்ப்போம்.

உட்காதில் நத்தையோடுபோல் இரண்டரைச் சுற்றுள்ள குழல் ஒன்று உண்டு, பட்டாணியளவுதான். அதனுள் மயிர்போன்ற நுனிகளையுடைய ஜீவஅணுக்கள் வரிசையாய் நிற்கின்றன. உள்வரிசையில் ஏறக்குறைய 3,500, வெளிவரிசைகளில் 12,000. மூளைக்குச் செல்லும் செவிநரம்பிலோ சுமார் 30,000 இழைகள். இவைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எங்கே போய்ச் சேருகின்றன? எண்ணிக்கையில் குறைந்த உள்வரிசைக்கே! ஒவ்வோர் இழையும் ஒரே அணுவைத்தான் நாடும். அணு ஒன்றுக்கோ பத்துக்கு மேற்பட்ட இழைகள். வெளிவரிசையார் மெல்லிய ஓசையைப் பெருக்கிக் கொடுக்கும் ஊழியர்கள். செய்தி சொல்லும் பெருமை அவர்களுக்கு அதிகமில்லை.

இழையும் அணுவும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நடுவே கண்ணுக்கெட்டாத இடைவெளி. சத்தம் வந்ததும் அணு ஒருவித இரசாயனத்தைக் கசியவிட, இழை தூண்டப்படுகிறது. முதலில் கெடக்கூடியது இந்தச் சந்திப்பே. 2009-ல் குஜாவா, லிபர்மன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் சுண்டெலிகளைப் பலத்த இரைச்சலில் வைத்துப் பார்த்தார்கள். நாளடைவில் கேட்கும் திறன் திரும்பிற்று, அணுக்களும் சாகவில்லை. ஆனால் சந்திப்புகளில் அநேகம் அழிந்துபோயிருந்தன. முதியோர் காதிலும், அணுக்கள் மிஞ்சியிருக்க இழைகள் வெகுவாய்க் குறைந்திருப்பதை, மரணத்திற்குப்பின் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு அமைதியான இடத்தில் நன்றாய்க் கேட்கும், சந்தடியில் வார்த்தை பிடிபடாது என்று அறிஞர் கருதுகிறார்கள்.

இதை அறியாமல் நானும் ஒரு குற்றம் செய்தேன். "தாத்தாவுக்கு வேண்டியது மட்டும் காதில் விழும்" என்று ஒரு பெரியவரை அவர் வீட்டார் பரிகசிப்பார்கள். நானும் அதை நம்பினேன். திருவிழாக் கூட்டத்திலே அவர் ஒரே கேள்வியை நாலாம் முறை கேட்டபோது சினந்து பேசிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மாலையில் அறைவீட்டுத் திண்ணையில் நாங்கள் இருவருமாய் உட்கார்ந்து மெதுவாய்ப் பேசினோம். ஒரு வார்த்தைகூட அவருக்குத் தப்பவில்லை.

நமது ஆண்டவர் அந்த மனிதனைக் கூட்டத்தை விட்டு ஏன் தனியே அழைத்துப்போனார் என்று அன்று இரவு வெகுநேரம் யோசித்தேன்.

உங்கள் வீட்டில் இன்று சாப்பாட்டு வேளையில் வானொலியை நிறுத்திவிட்டு, பெரியவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். வருகிற கொடியேற்றத்திற்கு, சிறுபிள்ளைகள் நிற்கும் பக்கம் ஒலிபெருக்கிக் குழாயைத் திருப்பாமல் கட்டும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.