பின்தொடர்தல்

கோழிக்குஞ்சு என் பின்னால் வருவதை அன்பு என்று நான் ஏற்கலாமா? எங்கள் கூடத்துக் கூண்டில் இருக்கும் லவ் பேர்ட்ஸ் விஷயத்தில் இந்தச் சங்கடம் எழுவதில்லை. அவை கண் திறக்காமல், இறகில்லாமல் பிறப்பவை; தாய் ஊட்டி வளர்த்தவை; இன்று ஒன்றுக்கொன்று போதும். கோழிக்குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் நடக்கும், தானே பொறுக்கித் தின்னும். அதற்கு வேண்டியது சூடும், பின்தொடர யாராவது ஒருவரும்தான். இன்குபேட்டரில் பொரித்து, சாயம் தோய்த்துத் தெருவில் விற்ற இதற்குச் சூடு 40 வாட் பல்பு, மற்றது நான்.

ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் 1873-இல் எழுதினார்: நடக்கத் தொடங்கிய குஞ்சுகள் அசையும் எதையும் பின்தொடரும். ஏறக்குறைய நாலு நாள் கண்ணை மூடி வைத்திருந்தவையோ, திறந்ததும் அவரைக் கண்டு மிரண்டு ஓடின. மனிதர் அதே மனிதர். ஆக, என் மேல் விழுந்த நம்பிக்கை என் யோக்யதைக்குச் சான்றல்ல, வெறும் நாள்கணக்கு.

தற்செயலாய் வந்த நம்பிக்கைக்குக் கடன் ஏது என்று கேட்கலாம். (வீட்டில் மசாலா பற்றிப் பேச்சு தொடங்கிவிட்டது.) எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. தேர்ந்து வைத்த நம்பிக்கை, ஏமாந்தால் விலகிக்கொள்ளும். இதற்கு அந்த வழி இல்லை. கூண்டுப் பறவையைப் படிமமாக்கிச் சலிக்காத நம் கவிஞர்கள், கூண்டில்லாமலே அகப்பட்ட இதைக் கவனிப்பதில்லை. சமையலறைக்கும் இது என் பின்னால்தான் வரும்.